மூணு புள்ளி பின்னாடி

"எந்திரி! எந்திரிடி ஊசி! எந்திரி!"

தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த பஸ் அக்காவின் குரல், டிவியில் நடுவர் ஐந்து எண்ணுவதற்குள் தானாகவே அடங்கிப்போனது. ஆறுக்கு மேல் அவரும் எண்ணவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டி ஆட்டம் முடிந்தது என்று காட்டிவிட்டு, மண்டி போட்டு, கீழே கிடந்தவளின் வாய்க்குள் விரல் விட்டுப் பல் கவசத்தை வெளியே எடுத்தார். கிடந்தவள் சின்னவளின் அக்கா. வளையத்துக்குள் அவள் பெயர் ஊசி. நீல டிராயர், நீலக் குத்துச்சண்டைக் கையுறை. ஒரு கால் நீட்டியிருந்தது. இன்னொன்று யாரோ அவசரத்தில் மடித்து வைத்தது போல அவளுக்கு அடியில் கிடந்தது.

டிவியில் சத்தம் இல்லை. அதனால் அந்தத் தூரத்து ஊர் அரங்கத்தில் ஆயிரக்கணக்கான பேர் வாயைத் திறந்து மூடுவது மீன் தொட்டி மாதிரி தெரிந்தது.

"கால் அசையுதா பாரு," என்றாள் அம்மா. துணி வெட்டும் மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "எனக்கு மறைக்குது. அசையுதா பாருடி."

"அசையுதும்மா," என்றாள் சின்னவள். அசையவில்லை.

வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கயிற்றுக்குள் நுழைந்தார். பின்னாலேயே ஸ்ட்ரெச்சர். அப்பா ஒரு கணம் திரையில் தெரிந்தார். கழுத்தில் துண்டு, கையில் இன்னும் தண்ணீர் பாட்டில். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ரெஃப்ரி மாமா வாயைத் திறந்தார். முப்பது வருஷம் வளையத்துக்குள் நின்று தீர்ப்புச் சொன்ன மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் எதையும் உரக்கச் சொல்ல மாட்டார்.

"என்னத்துக்கு இப்படி வலியப் போய் விழுந்தா? ரெண்டே ரெண்டு நிமிஷம். கயித்தோரமா சுத்தி வந்திருந்தாலே பட்டம் கைக்கு வந்திருக்கும். மூணு புள்ளி முன்னாடி இருந்தவளுக்கு எதுக்கு இந்த வேகம்?"

சின்னவள் டிவியை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"முன்னாடியா மாமா?"

"பின்ன? என் அட்டையை நீதானே பாத்தே."

பார்த்தாள். பார்த்து, கூட்டி, அப்பாவுக்கு அனுப்பியும் வைத்தாள். 'மாமா அட்டை: 3 பின்னாடி' என்று.

அந்த மூன்று அட்டைகளும் இன்னும் அவள் கையில்தான் இருந்தன.

*

அது அம்மா வேலை பார்க்கும் தையல் பட்டறை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற இடம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பதினாலு மிஷினும் உறை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தன. முதலாளி சாவியைக் கொடுத்து, "வெத்தல பாக்கு மட்டும் துப்பாதீங்க," என்று சொல்லியிருந்தார். அக்காவின் சண்டை என்றால் எப்போதும் இங்கேதான். வெட்டு மேஜை மேல் டிவி, எதிரே மூன்று முக்காலி, ஒன்றுக்கொன்று இரண்டு கை தூரம். ஒருத்தர் அட்டையை இன்னொருத்தர் எட்டிப் பார்க்கக் கூடாது. கமெண்ட்ரி காதில் விழுந்தால் கண் கெட்டுப்போகும் என்று சத்தத்தையும் அணைத்துவிடுவார் ரெஃப்ரி மாமா. ரவுண்டு நடக்கும்போது கத்தலாம், பேசக் கூடாது. ரவுண்டுக்கு நடுவில் ஊர்க்கதை எல்லாம் பேசலாம், புள்ளியைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது.

முதல் முக்காலியில் ரெஃப்ரி மாமா. இரண்டாவதில் பஸ் அக்கா, நகரப் பேருந்து ஓட்டுகிறவள். மூன்றாவதில் தெருமுனையில் சலூன் வைத்திருக்கும் கத்திரி அண்ணன். பட்டறையில் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் வரையும் தடித்த காகிதத்தை அம்மா நறுக்கிக் கொடுப்பாள். அதுதான் அட்டை. ரவுண்டை ஜெயித்தவளுக்குப் பத்து, தோற்றவளுக்கு ஒன்பது.

இதெல்லாம் விளையாட்டுக்கு இல்லை. அக்காவைப் பழக்குகிற அப்பாவுக்கு வேண்டியிருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் அவர் பழக்கிய ஒரு பையனைக் கடைசி ரவுண்டில் "நீ முன்னாடி இருக்க, சும்மா ஆடிட்டு வா" என்று அனுப்பினார். ஒரே புள்ளியில் தோற்றான். அதற்குப் பிறகு அவன் கையுறையைத் தொடவே இல்லை. வளையத்தின் மூலையில் நிற்கிறவன் தன் ஆள் குத்துவதை மட்டும்தான் பார்ப்பான், வாங்குவதைப் பார்க்க மாட்டான் என்று அன்றைக்கு அப்பா முடிவு கட்டினார். அக்கா சண்டைக்குப் போக ஆரம்பித்ததும் இந்த மூன்று பேரைப் பிடித்தார். மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது ரவுண்டு முடிந்ததும் சின்னவள் அட்டைகளைப் பார்த்துக் கூட்டி, மூலையில் தண்ணி வாளி பிடிக்கிற சித்தப்பா போனுக்கு அனுப்ப வேண்டும்.

"கத்திரிக்குப் பாசம் ஜாஸ்தி. பஸ்ஸுக்குக் கோவம் ஜாஸ்தி. மாமாவுக்கு ரெண்டும் கெடையாது," என்பார் அப்பா. "மூணையும் அனுப்பு. நான் எடுத்துக்கறது அவரோடது."

இன்றைக்குக் காலையில் எல்லாம் கல்யாண வீடு மாதிரிதான் தொடங்கியது.

"அந்தச் சாம்பியன் பொண்ணு கொண்டையப் பாத்தீங்களா? யாரோ பகையாளி பின்னி விட்டிருக்கான்," என்றார் கத்திரி அண்ணன்.

"நீ பாக்க வேண்டியது கைய. தலைய இல்ல."

"தொழில் புத்திக்கா. நீங்க மட்டும் ஊசி முன்னாடி போறப்பல்லாம் வலது கால்ல பிரேக் மிதிக்கறீங்களே, அத நான் கேட்டேனா?"

"போடா. எம்பது பேர ஏத்திட்டுப் போறவ நான். உன் நாற்காலியில ஒருத்தன் உக்காந்தாலே அவன் காது பத்திரமா திரும்புமான்னு பாக்கணும்."

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ரெஃப்ரி மாமா சின்னவளைக் கூப்பிட்டார். அவள் அக்காவின் பழைய சட்டை, 'ஊசி' என்று முதுகில் தைத்தது, அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் எடுத்த படத்தைக் கூட்டாளிகளுக்கு அனுப்பியிருந்தாள். 'நீயே சாம்பியன் மாதிரி இருக்க' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதற்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, நம்ம ஆளு இன்னிக்குச் சாம்பியன எதுத்துப் போனவ. அதனால நீல மூலை. நான் எப்பவும் போல செவப்பைத்தான் முதல்ல எழுதுவேன். பழகிப்போன கை. அதனால என் அட்டையில மட்டும் வலது பக்கம் பாரு. சரியா?"

"ம்ம்," என்றாள் சின்னவள். தலை கூட நிமிரவில்லை.

இத்தனை நாளும் அக்காவுக்குச் சிவப்பு மூலைதான். மாமாவுக்கு இடது பக்கம் சிவப்பு, மற்ற இரண்டு பேருக்கும் இடது பக்கம் 'நம்ம பொண்ணு'. எல்லாம் ஒன்றாகவே இருந்தது. யாரும் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சின்னவள் இன்றைக்கும் மூன்று அட்டையிலும் இடது பக்கத்தைத்தான் கூட்டினாள்.

ஆறாவது ரவுண்டில் ஒரு சந்தேகம் தட்டியது. மற்ற இரண்டு பேரும் அக்கா முன்னாடி என்று போட, மாமா மட்டும் இரண்டு பின்னாடியா? அக்காவின் இடது கை ஊசி மாதிரி போய்த் தைக்கும்போதெல்லாம் மாமாவின் பென்சில் முழங்காலில் தட்டியதே? கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷ இடைவேளைதான், அட்டை எழுதுகிறவரிடம் புள்ளி பேசினால் முறைப்பார், அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவள் கேட்காததற்கு அது மட்டும் காரணமில்லை.

'பின்னாடி' என்று தட்டியபோது அவளுக்குள் எங்கோ ஒரு மூலையில் சில்லென்று இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வீட்டில் முட்டை யாருக்கு, ஃபேன் யார் பக்கம், யார் தூங்கும்போது யார் வாயை மூட வேண்டும், எல்லாம் அக்காவை வைத்துத்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளும் நம்மை மாதிரி மார்க் குறைஞ்சு வரட்டுமே என்று ஒரு நினைப்பு. எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனது. அது ஓடுவதற்குள் விரல் அனுப்பு பொத்தானை அமுக்கிவிட்டது.

ஒன்பதாவது முடிந்ததும் மாமா அட்டையில் இடது பக்கம் எண்பத்து நாலு, வலது பக்கம் எண்பத்து ஏழு. '3 பின்னாடி.' சித்தப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

பத்தாவது, கடைசி ரவுண்டு மணி அடித்ததும் அக்கா தன் மூலையிலிருந்து ஓடினாள். எப்போதும் நடந்துதான் போவாள்.

*

சின்னவள் செய்த முதல் காரியம், மாமாவின் அட்டையை ஒளித்தது. எல்லோரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் கொக்கிகளில் காலர், கை, பாக்கெட் என்று நூற்றுக்கணக்கில் பேட்டர்ன் காகிதங்கள் தொங்கின. எட்டாம் வகுப்புப் பையன் சட்டைக் காலருக்கும் கைக்கும் நடுவில் அட்டையைச் செருகினாள். ஏன் செருகினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கை தானாகப் போனது.

முக்கால் மணி நேரம் கழித்து அப்பா கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்கள்.

"மூச்சு இருக்கு. கண்ணத் தொறந்தா, மூடிட்டா. ஸ்கேன் எடுக்க உள்ள கொண்டு போயிருக்காங்க," என்றார் அப்பா. "நீ அழாத. அழுதா எனக்கு இங்க ஒண்ணும் ஓடாது."

"நான் அழல," என்றாள் அம்மா, அழுதுகொண்டே.

"மாமா இருக்காரா?"

"இருக்கேன்ப்பா. சொல்லு."

போனின் அந்தப் பக்கம் யாரோ சக்கர வண்டி தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. நடுவருங்க அட்டை வெளிய வந்திருக்கு. மூணு பேர்ல ரெண்டு பேர் நம்ம பொண்ணு முன்னாடின்னு போட்டிருக்காங்க. நீங்க எப்படி மாமா மூணு பின்னாடின்னு போட்டீங்க?"

"நானா?" மாமா போனைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் முன்னாடின்னு இல்ல போட்டேன்?"

"மெசேஜ் இருக்கு மாமா. 'மாமா அட்டை, மூணு பின்னாடி.' அத நம்பித்தான் அவ காதுல சொன்னேன். விழவெச்சாத்தான் உண்டு, போய் முட்டிப் பாருன்னு. நான்தான் சொன்னேன். உங்களச் சொல்லல. சும்மா கேக்கறேன்."

ஒரு கார் வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"அட்டைய எடுங்க, பாத்துடலாம்," என்றாள் பஸ் அக்கா. "பாப்பா, அட்டை எங்க?"

"இங்கதான் வெச்சேன்."

"இங்கன்னா?"

"மேஜை மேல. தெரியலக்கா. கலாட்டால எங்கயோ விழுந்திருக்கும்."

பஸ் அக்கா குனிந்து மேஜைக்கு அடியில் தேடினாள். கத்திரி அண்ணன் மிஷின் உறைகளைத் தூக்கிப் பார்த்தார். சின்னவளும் தேடினாள். துண்டுத் துணி மூட்டைக்குள் கையை விட்டு, அங்கே இல்லாததை மும்முரமாகத் தேடினாள். முதுகெல்லாம் வேர்த்து அக்காவின் பெயர் தைத்த சட்டை ஒட்டிக்கொண்டது.

"விடுங்க," என்றார் மாமா. "ஏழாவது நான் யாருக்குப் போட்டேன்? எனக்கு..." விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்து, நடுவில் நிறுத்தினார். "மாத்திப் போட்டுட்டேனோ."

"வயசாகுதுல்ல மாமா," என்றார் கத்திரி அண்ணன், மெதுவாக, முதுகைத் தடவிக்கொடுத்தபடி. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

அம்மா மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. எப்போதும் அவர் டம்ளரை அவள்தான் எடுத்துக் கழுவுவாள். இன்றைக்கு அது முக்காலிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

மாமா எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பைத் தேடும்போது சின்னவள் பின்னாலேயே போனாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். மாடிப்படி ஆரம்பிக்கும் இடத்தில் அவர் நின்று திரும்பினார்.

"பாப்பா. காலையில நான் உன்கிட்ட வலது பக்கம் பாருன்னு சொன்னேனா?"

இதோ. கதவைத் திறந்து வழி விட்டது போல நிற்கிறார். 'ஆமா' என்றால் போதும். இரண்டே எழுத்து.

அப்பா தண்ணீர் பாட்டிலோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தது கண்ணில் வந்தது. அம்மாவின் முகம் வந்தது. அக்கா செத்துப்போனால், என்று ஒரு நினைப்பு வந்தது. செத்துப்போனால் யார் கொன்றது?

"ஞாபகம் இல்ல மாமா."

"சொன்ன மாதிரி இருக்கு."

"நீங்க எதுவும் சொல்லல."

அவர் அவளையே பார்த்தார். வளையத்துக்குள் விழுந்து எழுந்தவனின் கண்ணை உற்றுப் பார்த்து, இவனால் மேலே ஆட முடியுமா என்று கணிக்கிற பார்வை. இப்போது அது அவள்மேல் நிற்காமல் அவருக்குள்ளேயே திரும்பியது.

"சொல்லலையா. சரி. அப்ப கண் டாக்டரத்தான் பாக்கணும். இல்ல, கண்ணு இல்லையோ என்னமோ." நெற்றியை விரலால் தட்டிக்காட்டிச் சிரிக்கப் பார்த்தார். "நீ உள்ள போ. அம்மாவத் தனியா விடாத."

முப்பது வருஷம் ஓடுகிற கால்களுக்கு நடுவில் ஓடியவர், பட்டறையின் பதினெட்டுப் படிகளையும் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொன்றாகக் காலால் தொட்டுப் பார்த்து இறங்கினார்.

*

வீட்டுக்கு வந்த பிறகு சின்னவள் போனை எடுத்து 'நான்தான்' என்று தட்டினாள். அழித்தாள். 'அப்பா, மாமா தப்பு இல்ல' என்று தட்டினாள். அழித்தாள். 'மாமா சரியாத்தான்' என்ற இடத்தில் அம்மா உள்ளே வந்தாள். அதையும் அழித்தாள். அக்கா இருந்த ஊருக்குக் கிளம்ப அம்மா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவின் உள்பாவாடை, சீப்பு, துண்டு. அடுக்கியதை வெளியே எடுத்து மறுபடி அடுக்கினாள்.

"உங்கப்பாவுக்குப் புத்தி எங்க போச்சு?" என்றாள், பையைப் பார்த்தே. "கண்ணு தெரியாத கெழவன் எழுதுனத நம்பி பெத்த பொண்ண முட்டச் சொல்லுவானா ஒருத்தன்?"

"மாமாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்மா."

"நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்."

சும்மா இருந்தாள். அதுதான் அன்றைக்கு அவளுக்கு நன்றாக வந்தது.

சாயங்காலம், வெயில் ஜன்னல் கம்பியை விட்டு இறங்கும் நேரத்தில், சித்தப்பா போனிலிருந்து அழைப்பு வந்தது. தலைக்குள் கொஞ்சம் ரத்தம் கசிந்திருக்கிறது, அறுக்க வேண்டியதில்லை, இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றார். அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்காவும் அம்மாவிடம் நாலு வார்த்தை பேசினாள். சாப்பிட்டியா, அழாத, நான் நல்லாத்தான் இருக்கேன். பிறகு, "அவகிட்ட குடு. நீ அந்தப் பக்கம் போ," என்றாள்.

சின்னவள் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

"அக்கா."

"யாராச்சும் பக்கத்துல இருக்காங்களா?"

"இல்ல."

அக்காவின் குரல் வாயில் பஞ்சு அடைத்தது போல வந்தது. ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்து வைத்தாள்.

"டாக்டர் ஒரே கேள்வியா கேட்டாரு. இன்னிக்கு என்ன கெழமை. நூறுலருந்து ஏழு ஏழா கழிச்சுட்டே வா. உனக்குத்தான் கணக்கு வராது, எனக்கு வரும்டி, கடகடன்னு சொல்லிட்டேன்." சிரித்தாள். சிரிப்பு வலித்திருக்க வேண்டும், நின்றுவிட்டது. "ஆனா ஒண்ணு மட்டும் நான் அவர்கிட்ட சொல்லல. அப்பாகிட்டயும் சொல்லல. நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லு."

"ஒம்பது ரவுண்டும் நான்தான் ஜெயிச்சிட்டிருக்கேன்னு நெனச்சேன்டி. நெனப்பு இல்ல. சத்தியமா தெரிஞ்சுது. அவ மூச்சு வாங்கறது கேட்டுச்சு. நான் குத்தறது ஒண்ணு விடாம போய் விழுந்துச்சு. இன்னும் ரெண்டே நிமிஷம்னு சந்தோஷமா வந்து ஸ்டூல்ல உக்காந்தேன். அப்பா மூணு பின்னாடின்னாரு."

குழாய் சொட்டியது. சின்னவள் காலை நீட்டிக் விரலில் அந்தச் சொட்டை வாங்கிச் சத்தத்தை நிறுத்தினாள்.

"நடுவருங்க என்ன போட்டிருந்தாலும், மாமா அட்டை இது வரைக்கும் தப்புனது இல்ல. அப்ப நான் பாத்ததெல்லாம் என்ன? கடைசி அடி விழறதுக்கு முன்னாடியே எனக்குத் தலை கொழம்பிப்போச்சா? அப்படி இருந்தா இனிமே நான் வளையத்துக்குள்ள போகவே கூடாதுடி. டாக்டர்கிட்ட சொன்னா எழுதிக் குடுத்துடுவாரு, அத்தோட முடிஞ்சுது. சொல்லாம மறைச்சுட்டு மறுபடி ஏறுனா..." மூச்சு வாங்கினாள். "பயமா இருக்கு. நீதான் எல்லார் அட்டையும் பாத்தே. நீ பொய் சொல்ல மாட்ட. சொல்லு. எனக்கு ஏன்டி ஜெயிக்கிற மாதிரியே இருந்துச்சு?"